ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் பதின்ம வயதிலிருந்தே வரவு செலவு எழுதிவந்தவர். பல் பிடுங்கிய கூலி, ஆற்றில் பிடித்த மீன், களஞ்சியத்துக்கு வேண்டிய செங்கல், தன்னிடம் இருந்த அடிமைகளின் பெயர்ப்பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். அவரைப் பற்றி உலவும் கதைகளைவிட அந்த ஏடுகளில்தான் மனிதர் தெளிவாகத் தெரிகிறார். அதனால் இங்குள்ள பதில்களில் இயன்றவரை கணக்கையே முன்வைத்திருக்கிறோம்.

சில இடங்களில் பிறந்த தேதி 1731 பிப்ரவரி 11 என்றும், சில இடங்களில் 1732 பிப்ரவரி 22 என்றும் இருக்கிறதே. எது சரி?

இரண்டும் ஒரே நாள்தான். அவர் பிறந்தபோது பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன. அந்தக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறக்கும். ஆகவே பிப்ரவரி மாதம் முந்தைய ஆண்டின் கடைசியில் வரும். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று வைத்து 11 நாட்களைக் கழித்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தையும் ஜனவரி 1க்குக் கொண்டுவந்தார்கள். அப்போது வாஷிங்டனுக்கு வயது 20.

பலர் தவறுவது இங்கேதான். நாளுக்கு 11ஐக் கூட்டிவிட்டு ஆண்டை 1731 என்றே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இன்று நாம் எழுத வேண்டியது 1732 பிப்ரவரி 22. இடம் வர்ஜீனியாவின் வெஸ்ட்மோர்லாந்து வட்டாரத்தில் உள்ள போப்ஸ் கிரீக்.

செர்ரி மரத்தை வெட்டிவிட்டு "நான்தான் வெட்டினேன்" என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டாராமே?

நடந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார், வாஷிங்டன் இறந்த பிறகு எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இந்தக் கதை முதன்முதலில் வருகிறது. முந்தைய பதிப்புகளில் கிடையாது. பாடப்புத்தகத்தில் இருந்து இதை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

எவ்வளவு படித்தார்?

கல்லூரிக்குப் போகவில்லை. 1743இல், அவருடைய 11ஆம் வயதில், அப்பா அகஸ்டின் இறந்துவிட்டார். மூத்த தாரத்துப் பிள்ளைகளான அண்ணன்கள் இங்கிலாந்தில் படித்தவர்கள். ஜார்ஜுக்கு அந்த வாய்ப்பு அதோடு போயிற்று. கணக்கும் வடிவியலும் நில அளவையும் கற்றுக்கொண்டார். 1748இல், 16 வயதில், ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் நிலங்களை அளக்கப் போன குழுவோடு ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்குச் சென்றார். மறுவருடம் கல்பெப்பர் வட்டாரத்தின் சர்வேயராக நியமிக்கப்பட்டார். தொழிலாகச் செய்த சில ஆண்டுகளில் சுமார் 200 நிலங்களை அளந்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் நிலத்தை எப்படி அளந்தார்கள்? எங்கே பிழை வரும்?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவருடைய குணத்தை உருவாக்கிய தொழில் இது.

கருவிகள் இரண்டு. ஒன்று, ஒற்றைக் கழியின் மேல் பொருத்திய திசைகாட்டி. மற்றது, இரும்புச் சங்கிலி. முழுச் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. ஒரு கண்ணி 7.92 அங்குலம். வர்ஜீனியாவின் காட்டிலும் மேட்டிலும் அதை இழுப்பது சிரமம் என்பதால் 33 அடி, 50 கண்ணி கொண்ட அரைச் சங்கிலியையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். நீளத்தை "போல்" கணக்கில் எழுதுவார்கள். ஒரு போல் 16½ அடி. எனவே அரைச் சங்கிலி என்பது இரண்டு போல்.

சர்வேயர் ஒரு மூலையில் திசைகாட்டியை நிறுத்தி அடுத்த மூலையின் திசையைப் பார்த்துக் குறிப்பார். சங்கிலி ஆட்கள் இருவர் அந்தத் திசையில் சங்கிலியை நீட்டிக்கொண்டே போவார்கள். வழியில் இருக்கும் மரங்களில் ஒருவர் கோடரியால் கொத்தி அடையாளம் வைப்பார். மூலைக்கு ஓக் மரமோ பாறையோ ஓடை வளைவோ எது கிடைக்கிறதோ அதையே எல்லையாக எழுதுவார்கள். கடைசிக் கோடு முதல் மூலைக்கே திரும்பி வந்து சேர வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டுப் பரப்பைக் கணக்கிடுவார். 160 சதுர போல் சேர்ந்தால் ஓர் ஏக்கர். உதாரணமாக, 200 போல் அகலமும் 320 போல் நீளமும் உள்ள செவ்வக நிலம் 64,000 சதுர போல்; 160ஆல் வகுத்தால் 400 ஏக்கர்.

பிழை பல வழிகளில் நுழையும். சரிவில் சங்கிலியைத் தரையோடு போட்டு இழுத்தால் நீளம் கூடிப்போகும். கிடைமட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தொய்வு விட்டாலும் கணக்கு கூடும். நாள்பட்ட சங்கிலியில் வளையங்கள் தேய்ந்து சங்கிலி நீண்டுவிடும். அப்போது அளவு குறைவாகத் தெரியும், நிலம் உண்மையில் அதிகமாக இருக்கும். பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் விலகும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, காந்த வடக்கு ஆண்டுக்காண்டு சற்றே நகர்வது. 1750இல் குறித்த திசையைப் பிடித்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் கழித்து அதே கோட்டில் நடந்தால் வேறு இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். எல்லை மரமும் விழுந்திருந்தால் வழக்குதான்.

நம் ஊரில் ஏக்கர், சென்ட் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இருக்காது. தமிழ்நாட்டின் பழைய புலப்படங்களில் எல்லை நீளம் "லிங்க்ஸ்" என்று போட்டிருப்பதும் இதே 66 அடிச் சங்கிலியின் கண்ணிதான். 1,000 சதுர லிங்க்ஸ் சரியாக ஒரு சென்ட்.

அவர் பணக்காரராகவே பிறந்தாரா?

ஓரளவு வசதி இருந்தது, பெரும் செல்வம் இல்லை. அப்பா வழியில் ஒரு சிறு பண்ணையும் பத்து அடிமைகளும் வந்தன. சர்வேயர் வேலையில் சேர்த்த பணத்தில் 18 வயதில் புல்ஸ்கின் ஓடையருகே 1,459 ஏக்கர் வாங்கினார்.

பெயர் பெற்ற மவுண்ட் வெர்னன் பண்ணை முதலில் அண்ணன் லாரன்ஸுடையது. அண்ணன் 1752இல் இறந்தார். 1754இல் அண்ணியிடமிருந்து அதை ஜார்ஜ் குத்தகைக்கு எடுத்தார். குத்தகை பணமாக அல்ல, வருடத்துக்கு 15,000 பவுண்டு எடையுள்ள புகையிலை. 1761இல் அண்ணியும் இறந்த பிறகே அது அவருக்குச் சொந்தமாயிற்று.

உண்மையான செல்வம் 1759 ஜனவரி 6 அன்று நடந்த திருமணத்தோடு வந்தது. மணப்பெண் மார்த்தா, இரண்டு குழந்தைகளோடு இருந்த இளம் விதவை. முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் உயில் எழுதாமல் இறந்தவர். சட்டப்படி அந்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மார்த்தாவின் ஆயுள்கால அனுபவத்துக்கு வந்தது. அந்தப் பங்கில் 84 அடிமைகள் இருந்தார்கள். "ஆயுள்கால அனுபவம்" என்ற சொல்லை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது. வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

அவர் போரில் தோற்றிருக்கிறாரா?

பலமுறை. முதல் பெரிய தோல்வி 1754 ஜூலை 3 அன்று, 22 வயதில். அப்போது அவர் பிரிட்டிஷ் தரப்பில் வர்ஜீனியாப் படை அதிகாரி. இன்றைய பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில், பிரெஞ்சுப் படையை எதிர்பார்த்து "நெசசிட்டி" என்ற கோட்டையைக் கட்டினார். கோட்டை என்பது பெரிய சொல். 53 அடி விட்டத்தில் நட்ட மரக்கம்ப வேலி, அதைச் சுற்றிப் பதுங்கு பள்ளங்கள், அவ்வளவுதான்.

தவறு இடத்தேர்வில் நடந்தது. சுற்றிலும் மேடு இருக்க, நடுவில் இருந்த ஈரப் புல்வெளியில் கட்டிவிட்டார். காட்டின் விளிம்பு துப்பாக்கி எட்டும் தூரத்திலேயே இருந்தது. எதிரிகள் மரத்துக்குப் பின்னால் நின்று சுட்டார்கள். நாளெல்லாம் கொட்டிய மழையில் பள்ளங்கள் நிரம்பின, வெடிமருந்து நனைந்தது. நள்ளிரவை ஒட்டிச் சரணடைந்தார். கையெழுத்திட்ட பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருந்தது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. முந்தைய மோதலில் இறந்த பிரெஞ்சு அதிகாரி ஜுமோன்வில் "படுகொலை" செய்யப்பட்டார் என்று அதில் எழுதியிருந்தது. டச்சுக்காரரான மொழிபெயர்ப்பாளர் அதை வெறும் "இறப்பு" என்ற பொருளில் சொல்ல, வாஷிங்டன் கொலைப்பழியைத் தானே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டார்.

மறுவருடம் மனங்கஹேலா ஆற்றருகே பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படை சிதறியபோது வாஷிங்டனின் மேலங்கியில் நான்கு குண்டுகள் துளைத்திருந்தன. ஏறியிருந்த குதிரைகள் இரண்டு செத்தன. உடம்பில் கீறல் இல்லை.

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் அவர் எடுத்த மிக முக்கியமான முடிவு எது?

எதிரியைத் திடீரென்று தாக்க டெலவேர் ஆற்றை நள்ளிரவில் கடந்ததைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். எங்கள் கணிப்பில், 1777 தொடக்கத்தில் படை முழுவதற்கும் அம்மை குத்த உத்தரவிட்டதுதான் பெரிது.

1751இல் அண்ணனோடு பார்படோஸ் தீவுக்குப் போனபோது வாஷிங்டனுக்குப் பெரியம்மை கண்டது. பிழைத்துக்கொண்டார், முகத்தில் தழும்பு நின்றது, வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியும் கிடைத்தது. பிரிட்டனிலிருந்து வந்த சிப்பாய்களில் பலருக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. அமெரிக்கக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு அப்படியில்லை. முகாமில் ஒருவருக்கு வந்தால் வரிசையாகச் சாய்ந்தார்கள்.

இது பசுவம்மைத் தடுப்பூசிக்கு முந்தைய முறை. நோயாளியின் கொப்புளச் சீழை நல்ல உடம்புக்காரரின் கையில் சிறு கீறல் போட்டு உள்ளே வைப்பார்கள். இலேசாக அம்மை கண்டு இறங்கும். தானாக வந்த பெரியம்மையில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறப்பார்கள். குத்தினால் ஒன்றிரண்டு பேர். ஆனால் ஆபத்து உண்டு. குத்தியவரிடமிருந்து மற்றவருக்கு முழு நோயும் பரவும், அவர் எழுந்து நடமாடவும் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே குளிர்காலத்தில், சிறு சிறு கூட்டமாக, தனித்த வீடுகளில் வைத்து, எதிரிக்குச் செய்தி போகாமல் செய்தார்கள். படையில் பாதிப்பேர் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிரிட்டிஷ் தளபதி சும்மா இருப்பாரா?

யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸும், திப்புவோடு போரிட்ட கார்ன்வாலிஸும் ஒருவர்தானா?

ஆமாம், அவரேதான். 1781 அக்டோபர் 19 அன்று வர்ஜீனியாவின் யார்க்டவுனில் அவருடைய பிரிட்டிஷ் படை வாஷிங்டனிடம் சரணடைந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லித் தனக்குப் பதில் ஓஹாரா என்ற அதிகாரியை அனுப்பினார். வாஷிங்டனும் சரணடைவை நேரில் ஏற்காமல் தன் அடுத்த நிலைத் தளபதி லிங்கனைக் கைகாட்டினார்.

கார்ன்வாலிஸ் 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமஹாலும் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) திண்டுக்கல்லும் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. திப்புவின் இரு மகன்களைப் பிணையாகப் பெறும் காட்சி, சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் அவர் சிலையின் பீடத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது.

சம்பளம் வாங்கினாரா?

படைத்தளபதியாக இருந்த எட்டாண்டுகளுக்கும் சம்பளம் வாங்கவில்லை, செலவுக் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதிபரானபோதும் அதையே கேட்டார். நாடாளுமன்றம் ஏற்காமல் ஆண்டுக்கு 25,000 டாலர் என்று நிர்ணயித்தது. நிலம் ஏராளமாக இருந்தும் கையில் ரொக்கம் இல்லாதவர் அவர். 1789இல் பதவியேற்க நியூயார்க் போகும் முன் 600 பவுண்டு கடன் வாங்க வேண்டியிருந்தது.

வெள்ளை மாளிகையில் எந்த அறையில் இருந்தார்?

எந்த அறையிலும் இல்லை. முதலில் நியூயார்க்கிலும் பிறகு பிலடெல்பியாவிலும் வாடகை வீடுகளில் இருந்தார். வெள்ளை மாளிகையில் முதலில் குடியேறியவர் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸ், 1800 நவம்பரில்.

எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்க 1789இல் வாக்களித்த 69 தேர்வாளர்களும் (மாநிலங்களின் சார்பில் வாக்களிப்பவர்கள்), 1792இல் 132 பேரும், ஒருவர் விடாமல் அவருக்கே வாக்களித்தார்கள். அப்படி ஒருமனதாகத் தேர்வான அதிபர் வேறு யாரும் கிடையாது. அவருடைய அமைச்சரவையிலேயே ஹாமில்டனும் ஜெஃபர்சனும் இரண்டு அணியாகப் பிரிந்ததை அவரால் தடுக்க முடியவில்லை.

மூன்றாம் முறை நிற்கக் கூடாது என்று சட்டம் இருந்ததா?

இல்லை, அவராக விலகினார். 1796 செப்டம்பரில் செய்தித்தாளில் வெளிவந்த கடிதத்தில் அதை அறிவித்தார். அதைப் "பிரியாவிடை உரை" என்று சொல்வதால் மேடையில் பேசியதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர் அதை எங்கும் பேசவில்லை. இரண்டு முறை என்ற வழக்கம் 1940இல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வெல்லும்வரை நின்றது. அரசியல் சட்டத்தின் 22ஆம் திருத்தம் அதைச் சட்டமாக்கியது 1951இல்.

அவருடைய பல்செட்டு மரத்தால் ஆனதா?

இல்லை. எஞ்சியிருக்கும் பல்செட்டு எதிலும் மரம் கிடையாது. தந்தத்தில் கறை ஏறி மயிரிழைக் கோடுகள் தெரிந்ததால் மரம் என்ற பேச்சு வந்திருக்கலாம்.

முதல் பல்லை 24 வயதில் பிடுங்கினார். கூலி 5 ஷில்லிங் என்று ஏட்டில் இருக்கிறது. 1789இல் பதவியேற்றபோது வாயில் ஒரே ஒரு சொந்தப் பல்தான் இருந்தது. நியூயார்க் பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட் நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி, அதில் மனிதப் பற்களைப் பொருத்தி, அந்த ஒற்றைப் பல் நுழைய ஒரு துளையும் விட்டுச் செட்டு செய்து கொடுத்தார். மவுண்ட் வெர்னனில் உள்ள முழுச் செட்டு ஒன்றின் அடித்தட்டு ஈயம்.

மேல் தட்டு கீழே விழாமல் இருக்க, இரண்டு தட்டுகளுக்கும் இடையில் சுருள்வில் வைத்திருந்தார்கள். வில் எப்போதும் தட்டுகளை விலக்கித் தள்ளும். அதனால் வாயை மூடி வைக்கவே தாடையை இறுக்கிக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் வாய் பிளந்துகொள்ளும். ஓவியங்களில் அவர் உதடு புடைத்து, முகம் இறுகி இருப்பதற்குக் காரணம் இது. 1798இல் கிரீன்வுட் எழுதிய கடிதத்தில், போர்ட் ஒயினால் செட்டு கறுத்துப் போயிருக்கிறது, சாப்பிட்ட பின் கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள் என்று அறிவுரை சொல்லியிருக்கிறார்.

மனிதப் பற்கள் யாருடையவை என்ற கேள்விக்கும் ஏட்டில் ஒரு வரி இருக்கிறது. 1784 மே மாதம், பல் மருத்துவர் ல மேயருக்காக நீக்ரோக்களிடமிருந்து வாங்கிய 9 பற்களுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங். வகுத்துப் பார்த்தால் ஒரு பல்லுக்கு ஏறக்குறைய பதின்மூன்றரை ஷில்லிங். அதே மருத்துவர் செய்தித்தாளில் முன்பல்லுக்கு 42 ஷில்லிங் தருவதாக, அடிமைகள் நீங்கலாக, விளம்பரம் கொடுத்தவர். அவை வாஷிங்டன் வாய்க்குப் போயினவா என்பதை அந்த வரி சொல்லவில்லை. விலை மட்டும் சொல்கிறது.

அந்த வெள்ளை முடி விக்கா?

சொந்த முடி. பின்னால் இழுத்துக் கட்டி, மாவு தூவியிருப்பார்.

விவசாயத்தில் என்ன புதுமை செய்தார்?

புகையிலை மண்ணைக் கெடுத்தது, லண்டன் வியாபாரியிடம் கடனையும் ஏற்றியது. 1760களின் நடுவில் அதை விட்டுக் கோதுமைக்கு மாறினார்.

கோதுமையைக் கதிரடிப்பதில் அவருக்குத் தீராத தொல்லை. வெட்டவெளிக் களத்தில் குதிரைகளை விட்டு மிதித்தால் தானியத்தோடு மண்ணும் சாணமும் கலக்கும். மழை வந்தால் எல்லாம் போச்சு. நாம் மாடு கட்டிப் போரடித்த களத்திலும் இதே கவலைதானே. அதற்கு அவரே ஒரு கட்டடம் வரைந்தார். பதினாறு பக்கங்கள் கொண்ட, ஏறத்தாழ வட்டமான இரண்டு தளக் களஞ்சியம். கீழ்த்தளத்துக்கு 30,820 செங்கல் வேண்டும் என்று உட்கார்ந்து எண்ணிக் கணக்கிட்டார். மேல்தளத்தில் கதிரைப் பரப்பிக் குதிரைகளைச் சுற்றி ஓடவிடுவார்கள். தரைப் பலகைகளுக்கு இடையே ஒன்றரை அங்குல இடைவெளி. தானியம் அதன் வழியே கீழே கொட்டும், வைக்கோல் மேலே தங்கும். கீழே மழையும் இல்லை, மண்ணும் இல்லை, பூட்டிவைக்கவும் வசதி. 1795இல் வேலை முடிந்தது.

விஸ்கி காய்ச்சினார் என்பது உண்மையா?

உண்மை, அதுவும் பெரிய அளவில். பண்ணை மேலாளரான ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் யோசனையில் 1797இல் தொடங்கினார். கட்டடம் 75 அடிக்கு 30 அடி. செம்பு வாலைகள் (வடிக்கும் கலன்கள்) ஐந்து, மொத்தக் கொள்ளளவு 616 காலன். 1799இல் ஏறக்குறைய 11,000 காலன், அதாவது சுமார் 41,000 லிட்டர் வடித்தார்கள். மதிப்பு 7,500 டாலர்.

தானியக் கலவை 60 பங்கு ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்), 35 பங்கு மக்காச்சோளம், 5 பங்கு முளைகட்டிய பார்லி. அரைத்த மாவை 120 காலன் தொட்டியில் வெந்நீர் ஊற்றித் துடுப்பால் கிளறுவார்கள். சூடு சற்று இறங்கிய பிறகே முளைப்பார்லியைப் போட வேண்டும். அதுதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது, கொதிநிலையில் போட்டால் அதன் சக்தி செத்துவிடும். இன்னும் ஆறியதும் ஈஸ்ட். மூன்று முதல் ஐந்து நாள் ஊறல் புளிக்கும். நாள் தப்பினால் புளிகாடியாகிவிடும். பிறகு வாலையில் இரண்டு முறை வடித்து, மரப்பீப்பாயில் ஊறவைக்காமல் அப்படியே விற்றார்கள். மிஞ்சிய சக்கை பன்றிக்கும் மாட்டுக்கும் போயிற்று.

அந்தத் தொட்டிகளைக் கிளறியவர்கள் ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோத்தி என்ற ஆறு அடிமைகள்.

எப்படி இறந்தார்? மருத்துவர்களே கொன்றுவிட்டார்கள் என்கிறார்களே?

1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் ஆலங்கட்டி மழையிலும் சுமார் ஐந்து மணி நேரம் குதிரையில் பண்ணையைச் சுற்றிவிட்டு, ஈர உடையோடே சாப்பிட உட்கார்ந்தார். 13ஆம் தேதி தொண்டை கமறியது; அப்படியும் வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறிபோட வெளியே போனார். 14ஆம் தேதி விடியலுக்கு முன்பே மூச்சு முட்டியது.

அவரே சொல்லி, பண்ணை மேற்பார்வையாளர் நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார். போதாது, இன்னும் எடு என்றார். வெல்லப்பாகும் வினிகரும் வெண்ணெயும் கலந்து கொடுத்தது தொண்டையில் இறங்கவில்லை. பிறகு மருத்துவர்கள் கிரேக், பிரவுன், டிக் வந்தார்கள். அன்றைக்கு நான்கு முறையாக எடுத்த ரத்தம் மொத்தம் சுமார் 80 அவுன்ஸ், ஏறக்குறைய 2.3 லிட்டர். உடம்பில் உள்ள ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு. கழுத்தில் கொப்புளம் எழுப்பும் பற்று, எனிமா, பேதி மருந்து, வாந்தி மருந்து எல்லாம் இதற்கு மேல்.

இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்வது, குரல்வளை மூடியில் கடும் தொற்று. வீங்கினால் மூச்சுக்குழலை அடைத்துவிடும். மூவரில் இளையவரான 37 வயது டிக், தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யலாம் என்றார். மற்ற இருவரும் இசையவில்லை. பிழைக்கவைக்கக்கூடிய யோசனை அது ஒன்றுதான். ரத்தம் எடுத்தது அவர் பலத்தைக் குறைத்தது. உயிரை எடுத்தது அடைப்பு. இரவு பத்து மணிக்கு மேல் இறந்தார். வயது 67. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் அந்தக் காலத்தில் பலருக்கு இருந்தது; மூன்று நாள் ஆவதற்குள் கல்லறையில் வைக்க வேண்டாம் என்று செயலாளர் டோபியாஸ் லியரிடம் கேட்டுக்கொண்டார். 18ஆம் தேதி அடக்கம் செய்தார்கள்.

அடிமைகளை விடுதலை செய்தார் என்கிறார்கள், செய்யவில்லை என்கிறார்கள். எது உண்மை?

பாதிக்கும் குறைவானவர்களை, அதுவும் தன் சாவுக்குப் பின். இதைக் கணக்காகவே பார்ப்பது நல்லது.

1799 கோடையில் தன் கைப்பட ஒரு பட்டியல் எழுதினார்: பெயர், வயது, வேலை, கணவன் அல்லது மனைவி யார், எந்தப் பண்ணை. மொத்தம் 317 பேர். அதில் அவருக்குச் சொந்தம் 123. கஸ்டிஸ் குடும்பப் பங்கு 153. மீதிப் பேர் அக்கம்பக்கத்திலிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள். மார்த்தாவுக்கு இருந்தது ஆயுள்கால அனுபவம் மட்டும் என்பதால் அந்த 153 பேரை விடுவிக்க அவருக்கும் சட்டத்தில் வழியில்லை, மார்த்தாவுக்கும் வழியில்லை. மார்த்தாவின் காலத்துக்குப் பின் அவருடைய முதல் கணவரின் வாரிசுகளுக்குப் போக வேண்டியவர்கள். இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் மணந்து பிள்ளை பெற்றிருந்தார்கள். ஒரே குடிசையில் கணவன் ஒரு கணக்கு, மனைவியும் பிள்ளைகளும் இன்னொரு கணக்கு.

அந்த ஆண்டு ஜூலை 9 என்று தேதியிட்ட உயிலில், தன் 123 பேரும் மார்த்தாவின் காலத்துக்குப் பின் விடுதலை என்று எழுதினார். போர்க்காலம் முழுதும் உடனிருந்த வில்லியம் லீக்கு மட்டும் உடனடி விடுதலை, ஆண்டுக்கு 30 டாலர். முதியவர்களைப் பராமரிக்க வேண்டும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குப் படிப்பும் தொழிலும் கற்றுத்தர வேண்டும் என்றும் இருந்தது. தான் இறந்தால் விடுதலை என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அறிந்திருக்கும் வீட்டில் வாழ மார்த்தாவுக்கு அச்சமாக இருந்தது. காத்திருக்காமல் 1801 ஜனவரி 1 அன்று விடுவித்துவிட்டார். 1802இல் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் பங்கினரை நான்கு பேரப்பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். குடும்பங்கள் உடைந்தன.

உயிலை மட்டும் சொல்லி நிறுத்தினால் முழு உண்மை ஆகாது. பிலடெல்பியா இருந்த பென்சில்வேனியாவில், ஆறு மாதம் தொடர்ந்து தங்கும் அடிமை விடுதலை கோரலாம் என்று சட்டம் இருந்தது. அதிபராக இருந்தபோது வாஷிங்டன் அந்தக் கெடு முடியும் முன் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். 1796 மே 21 அன்று, வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் வெளியேறிக் கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டார். மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைத் திருமணப் பரிசாகக் கொடுக்கப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது. வாஷிங்டன் சுங்க அதிகாரி மூலமும் பிறகு உறவினர் மூலமும் பிடித்துவர முயன்றார். முடியவில்லை. ஓனா 1848 வரை வாழ்ந்தார், சட்டத்தின் கண்ணில் கடைசிவரை கஸ்டிஸ் குடும்பத்து அடிமையாகவே.

விடுதலை பெற்ற முதியவர்களுக்கு உயிலின்படி வாஷிங்டன் சொத்திலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசி வரவு 1833இல் எழுதப்பட்டிருக்கிறது.